கழுத்தில் நெட்டி எடுக்கும் முன்: பிடரிக்குள் ஓடும் இரண்டு தமனிகள்

சனிக்கிழமை மாலை என்றால் பட்டணத்து முடிதிருத்தும் கடைகளில் நாற்காலி காலியாக இருப்பதில்லை. முடி வெட்டி, தாடி மழித்து, படிகாரம் தடவி முடிந்ததும் இரண்டு கைகளையும் சேர்த்துத் தலையில் நான்கு தட்டு. பிறகு, "அண்ணே, நெட்டி எடுக்கவா?" என்ற கேள்வி. வாடிக்கையாளர் சரி என்று சொல்வதற்குள் ஒரு கை தாடையையும் இன்னொரு கை பின்மண்டையையும் பிடித்திருக்கும். வலப்பக்கம் ஒரு 'டக்'. இடப்பக்கம் ஒரு 'டக்'. வாரம் முழுதும் லாரி ஓட்டிய கழுத்து, கணினி முன் குனிந்த கழுத்து, செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்தே பொழுதைக் கழித்த கழுத்து எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் இலேசானது போலத் தோன்றும். இதற்கென்று தனிக் காசும் பெரும்பாலும் வாங்குவதில்லை.

இப்படி நெட்டி எடுத்துக்கொண்டவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. அந்தச் சத்தமும் எலும்பு உரசும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென அழுத்தம் குறையும்போது உண்டாகும் வாயுக் குமிழிதான் அப்படி ஒலிக்கிறது. மருத்துவர்கள் கவலைப்படுவது எலும்பைப் பற்றியோ மூட்டைப் பற்றியோ அல்ல. அந்த எலும்புகளுக்குள் நுழைந்து, வளைந்து, மூளைக்கு ஏறும் இரண்டு மெல்லிய தமனிகளைப் பற்றி.

எலும்புத் துளைகளின் வழியே ஒரு பாதை

மூளைக்கு இரத்தம் நான்கு குழாய்களில் போகிறது. இரண்டு முன்பக்கம், இரண்டு பின்பக்கம். முன்பக்கக் குழாய்களைப் பலருக்கும் தெரியும். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது தெரிகிறதே, அதுதான் கரோட்டிட் தமனி. பின்பக்கக் குழாய்களை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. முள்ளெலும்புத் தமனி என்று பெயர். வெளிக்குழாயின் குறுக்களவு 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். சாதாரண உறிஞ்சு குழலைவிட மெல்லியது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறக்குறைய 5இல் 1 பங்கு இந்த இரண்டு குழாய்களின் வழியே போகிறது. பங்கு சிறிதென்றாலும் அது போய்ச் சேரும் இடம் சிறிதல்ல: மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு, நடையின் நிதானம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான மூளைத்தண்டும் சிறுமூளையும் இந்தக் குழாய்களை நம்பித்தான் இருக்கின்றன.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் ஒரு சிறு துளை இருக்கிறது. கைக்குச் செல்லும் பெரிய தமனியிலிருந்து காறையெலும்புக்குப் பின்னால் பிரியும் முள்ளெலும்புத் தமனி, பெரும்பாலோருக்கு ஆறாவது எலும்பின் துளையில் நுழைகிறது. பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று மணியில் நூல் கோத்தது போல மேலே ஏறுகிறது. இதுவரை பாதை நேரானது, எலும்பின் காவலும் உண்டு. ஆபத்து உச்சியில்தான்.

மண்டையைத் தாங்கி நிற்கும் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் அசுரனின் பெயர் அது. அதற்குக் கீழே உள்ள இரண்டாவது எலும்புக்கு ஆக்சிஸ், அதாவது அச்சு என்று பெயர். அச்சில் ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக்கல் குழவி குழியில் திரும்புவது போல, அட்லஸ் அந்த முளையைச் சுற்றித் திரும்பும். நாம் தலையை வலமும் இடமும் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. மற்ற எல்லா மூட்டுகளும் சேர்ந்து மீதிப் பாதியைப் பகிர்ந்துகொள்கின்றன.

அட்லஸ் எலும்பின் துளை மற்றவற்றைவிடச் சற்று வெளியே தள்ளி இருக்கிறது. அதனால் தமனி இரண்டாவது எலும்பிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்து அட்லஸுக்குள் ஏற வேண்டும். ஏறியதும் திடீரென்று பின்னோக்கித் திரும்பி, அட்லஸின் பின்வளைவின் மேல் உள்ள ஒரு பள்ளத்தில் படுத்தபடி உள்நோக்கி வரும். பிறகு இன்னொரு முறை முன்னோக்கி வளைந்து, மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறையைத் துளைத்துக்கொண்டு மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே உள்ளே போகும். விரலால் பிடரியின் மேல் பகுதியை, மயிர் தொடங்கும் இடத்தை அழுத்திப் பார்த்தால், அந்த வளைவு அதற்கு உள்ளே சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. "பொடனியில் போடாதே" என்று பாட்டிமார் பிள்ளைகளை அடிப்பவரைத் தடுப்பது சும்மா இல்லை. வர்ம ஆசான்களும் பிடரியை அடிபடக் கூடாத இடங்களில் ஒன்றாகவே சொல்வார்கள்.

இத்தனை வளைவு எதற்கு? குழாய்க்குத் தளர்வு வேண்டும் என்பதற்காக. தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொங்கவிட்டால்தான் திருப்பும்போது பிய்ந்து போகாது. தலையை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத் தமனி, அட்லஸுக்கும் அச்சுக்கும் நடுவே நீட்டப்படுகிறது. வழக்கமான வேகத்தில், வழக்கமான அளவுக்குத் திருப்பும்போது அந்தத் தளர்வு போதும். தசைகளும் தம் எல்லை வந்ததும் தாமே இறுகித் தடுத்துவிடும். நெட்டி எடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். தசைகள் தளர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அவை தடுக்க நேரம் கொடுக்காமல், வேறொருவர் கை எல்லை தாண்டித் திருப்புகிறது.

ஆந்தைக்கு உள்ள வசதி

செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைப் பெட்டி வைப்பது தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததே. கம்பத்தின் மேல் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஆந்தை உடம்பை அசைக்காமல் தலையை 270 பாகை வரை திருப்பும். அதற்கு ஏன் பக்கவாதம் வருவதில்லை என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள்; முடிவு 2013இல் வெளிவந்தது. ஆந்தையின் கழுத்தெலும்புத் துளைகள் அதற்குள் ஓடும் தமனியைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு அகலமானவை. அத்தனை இடம் இருப்பதால் குழாய் நசுங்காது. மண்டையின் அடியில் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் விரிவுகளும், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் இரத்தம் போக இணைப்புகளும் அதற்கு உண்டு. மனிதனின் துளையிலோ தமனிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடந்தான் மிச்சம். ஆந்தை செய்வதை மனிதக் கழுத்தில் செய்து பார்ப்பது சரிப்பட்டு வராது.

மனிதனுக்கும் மாற்று வழிகள் அறவே இல்லாமல் இல்லை. பின்மண்டைத் தோலுக்கும் தசைக்கும் இரத்தம் தரும் ஆக்சிபிட்டல் தமனியின் சிறு கிளைகள், பிடரித் தசைகளுக்கு அடியில் முள்ளெலும்புத் தமனியின் கிளைகளோடு கைகோக்கின்றன. தொண்டையின் பக்கச்சுவரை ஒட்டி ஏறும் இன்னொரு சின்னத் தமனி இருக்கிறது. தடிமன் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். வெளிக் கரோட்டிட் தமனியின் கிளைகளில் மிகச் சிறியது அதுவே. ஆனால் மண்டையோட்டின் அடியிலுள்ள துளைகளில் அதன் நுனிகள் நுழைந்து, விழுங்கவும் பேசவும் நாக்கை அசைக்கவும் உதவும் நரம்புகளுக்கு உணவளிக்கின்றன. அதன் நுனிகளும் முள்ளெலும்புத் தமனியோடு இணைவதுண்டு. மூக்கின் பின்பகுதியிலோ மண்டையின் அடியிலோ உள்ள கட்டிகளுக்கு இரத்தம் போகாமல் குழாய் வழியே மருந்துத் துகள் செலுத்தி அடைக்கும் மருத்துவர்கள், இந்த இணைப்புகளை முதலில் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார்கள். துகள் வழி தவறி மூளைத்தண்டுக்குப் போனால் கட்டியைவிடப் பெரிய கேடு வரும்.

இந்தச் சின்ன இணைப்புகள் மெதுவாக வரும் அடைப்பைச் சமாளிக்கும். திடீர் அடைப்பைச் சமாளிக்க எல்லாருக்கும் முடிவதில்லை. காரணம், இரண்டு முள்ளெலும்புத் தமனிகளும் ஒரே அளவில் இருப்பது குறைவு. பலருக்கு இடப்பக்கத் தமனி பெரிதாகவும் வலப்பக்கத் தமனி சிறிதாகவும் இருக்கும். சிலருக்கு ஒரு பக்கம் நூல் போல மெலிந்திருக்கும். பெரிய தமனியில் கோளாறு வந்தால், சிறியது அதன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டிவரும். யாருக்கு எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, முடிதிருத்துபவரால் மட்டுமல்ல, மருத்துவராலும்.

மூன்று அடுக்குச் சுவரில் ஒரு கிழிசல்

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. எல்லை மீறிய இழுப்பில் உள்ளடுக்கு சற்றே கிழிந்தால், ஓடுகிற இரத்தம் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரிக்கும். பழைய சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஈரம் ஏறி, பூச்சு உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உப்பிய பகுதி குழாயின் வழியைக் குறுக்கும். அதைவிட முக்கியமாக, கிழிந்த சொரசொரப்பில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டியின் துண்டு ஒன்று பிய்ந்து மேலே போனால், அதுதான் பக்கவாதம்.

கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே சில நிமிடங்கள் இருக்கலாம், சில நாள் இருக்கலாம், சில வேளை சில வாரம்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பும் இருக்கிறது, பலரும் ஏமாறும் இடமும் இருக்கிறது.

இந்தக் கிழிசல் அபூர்வமானது. கழுத்துத் தமனிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 3 பேர் அளவுக்குத்தான் கண்டறியப்படுகிறது. எல்லாப் பக்கவாதத்திலும் இதன் பங்கு ஏறக்குறைய 2 விழுக்காடு. நம் சமூகத்தில் பக்கவாதத்துக்கு முதல் காரணங்கள் பிரஷரும் இனிப்பு நீரும் புகையும்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. இளவயதில் வரும் பக்கவாதத்தில் 10 முதல் 25 விழுக்காடு கழுத்துத் தமனிக் கிழிசலால் வருகிறது. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, வாட்டசாட்டமான ஆள், எப்படி இழுத்துக்கொண்டது என்று குடும்பம் திகைத்து நிற்கும் வீடுகளில் சிலவற்றில் விடை இங்கேதான் இருக்கிறது.

நெட்டி எடுப்பது மட்டுமே காரணம் என்று நினைக்கவும் கூடாது. கார் விபத்தில் தலை முன்னும் பின்னும் உலுக்கப்படுவது, விளையாட்டில் விழுவது, கடுமையான தும்மல், விடாத வாந்தி, அண்ணாந்தபடி நெடுநேரம் உட்கூரைக்குச் சாயம் பூசுவது, இவற்றுக்குப் பிறகும் இந்தக் கிழிசல் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993இல் அழகு நிலையத்தில் முடி கழுவிக்கொண்ட 5 பெண்களுக்குப் பக்கவாதம் வந்ததை எழுதினார். கழுத்தைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டதே அவர் சுட்டிய காரணம். சிலருக்கு எந்தக் காரணமும் இல்லாமலே கிழிகிறது. தமனிச் சுவர் பிறவியிலேயே சற்று இளகியிருக்கலாம்.

வலி முதலா, திருப்பு முதலா?

இங்கே மருத்துவ உலகில் ஒரு வாதம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 9 ஆண்டுகளில் மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்த 818 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கைரோபிராக்டிக் சிகிச்சையாளரிடம் போனவர்களுக்குப் பக்கவாதம் வந்த அளவும், சாதாரண குடும்ப மருத்துவரிடம் போனவர்களுக்கு வந்த அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. குடும்ப மருத்துவர் யாருடைய கழுத்தையும் திருப்புவதில்லை. அப்படியானால் என்ன பொருள்? தமனி முன்னரே கிழிந்திருக்கிறது. அந்த வலிதான் ஆளை மருத்துவரிடமோ கழுத்து திருப்புபவரிடமோ அனுப்பியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு பக்கத்தையும் எடைபோட்டது. திருப்புதலுக்கும் கிழிசலுக்கும் தொடர்பு இருக்கிறது, அதுவே காரணம் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் கழுத்தைத் திருப்புவதற்கு முன் அந்த ஆபத்தை ஆளிடம் சொல்ல வேண்டும் என்றது அது.

கடைக்கு வரும் ஆளைப் பொறுத்தவரை, இந்த வாதத்தில் எது வென்றாலும் முடிவு ஒன்றுதான். நெட்டி ஆரோக்கியமான தமனியைக் கிழிப்பது அபூர்வம் என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே கிழிந்த தமனியோடு, அந்த வலியைத் தீர்க்கத்தான் ஒருவர் நாற்காலியில் வந்து உட்காருகிறார். "இரண்டு நாளாகப் பிடரி வலிக்குது, தம்பி, கொஞ்சம் நெட்டி எடுத்து விடுங்க" என்கிறார். உறைகட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் குழாய் வேகமாக முறுக்கப்படுகிறது. கட்டி பெயர்ந்து மேலே போகக்கூடிய நேரம் அது. புதிதாக வந்த கழுத்து வலிதான் நெட்டி எடுக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம். நம் ஊரிலோ அதுதான் நெட்டி எடுப்பதற்கே காரணமாக இருக்கிறது.

மலேசியாவில் கைரோபிராக்டிக் தொழில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைச் செய்பவர்கள் பயிற்சி பெற்றுப் பதிந்துகொள்ள வேண்டும். கழுத்தைத் தொடுமுன் கேள்வி கேட்க வேண்டும். முடிதிருத்தும் கடையில் அப்படி ஒரு கேள்வியும் கிடையாது. தொழிலாளி மேல் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மூத்தவர் காட்டிய பழக்கத்தை அவர் தொடர்கிறார், வாடிக்கையாளரும் கேட்டு வாங்குகிறார். தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, தோளைப் பிசைவது, நெற்றியை அழுத்துவது இவற்றில் பயமில்லை. விட வேண்டியது கடைசியில் வரும் அந்தத் திடீர்த் திருப்பு ஒன்றை மட்டுமே. பிடரி வலி என்று வருபவரை "முதலில் கிளினிக்கில் காட்டுங்கண்ணே" என்று திருப்பி அனுப்பும் தொழிலாளி, ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவி செய்தவராவார்.

எந்த வலி சாதாரணம், எது அல்ல

செம்பனைக் குலை வெட்டுபவருக்குக் கழுத்து வலி புதிதல்ல. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளோடு நாள் முழுதும் அண்ணாந்து நிற்பவரின் தசை வலிக்கத்தான் செய்யும். அது பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், வேலை கூடினால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், பழகிய வலியாக இருக்கும்.

தமனிக் கிழிசலின் வலி வேறு மாதிரி. பெரும்பாலும் ஒரு பக்கம். பிடரியிலிருந்து பின்மண்டைக்கு ஏறும். திடீரென்று தொடங்கி விடாமல் இருக்கும். "இந்த மாதிரி வலி எனக்கு வந்ததே இல்லை" என்று நோயாளிகள் சொல்வது மருத்துவர்கள் பலமுறை கேட்கும் வாசகம். முன்பக்கக் கரோட்டிட் தமனி, மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே கிழிந்தால் வலி கழுத்தின் முன்பக்கம், தாடை, கண்ணைச் சுற்றி இருக்கும். அந்தப் பக்கக் கண்ணிமை சற்றே தாழ்ந்து, கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா சிறுத்துப் போகும். நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஷ் உஷ்' என்ற சத்தம் காதில் கேட்பதாகச் சிலர் சொல்வார்கள். கண்ணாடி பார்க்கும் மனைவியோ பிள்ளைகளோதான் இமை தாழ்ந்ததை முதலில் கவனிப்பார்கள்.

மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்துவிட்டால், நாம் பார்த்துப் பழகிய பக்கவாதம் போல அது இருக்காது. வாய் கோணாமல் இருக்கலாம். கை கால் இழுக்காமலும் இருக்கலாம். எல்லாப் பக்கவாதத்திலும் ஏறக்குறைய 5இல் 1 பின்பகுதியில் வருகிறது; முகம், கை, பேச்சு என்ற மூன்றை மட்டும் பார்த்தால் அதில் பலவும் தப்பிவிடும். அங்கே நடப்பது இது: உலகமே சுழலும். எழுந்து நின்றால் ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். வாந்தி வரும். குரல் கம்மும். எச்சில்கூட விழுங்க முடியாது. விடாத விக்கல் வரும்.

ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க் 1895இல் இந்தக் கூட்டு அறிகுறிகளை ஒரு நோயாளியிடம் கண்டு விவரித்தார். முள்ளெலும்புத் தமனியோ, அதிலிருந்து சிறுமூளைக்குப் பிரியும் கிளையோ அடைபடும்போது மூளைத்தண்டின் ஒரு பக்க ஓரம் இரத்தமின்றிப் போகிறது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு பக்க முகத்திலும், அதற்கு எதிர்ப்பக்க உடம்பிலும் சூடு, குளிர், வலி தெரியாமல் போகும். வெந்நீரில் குளிக்கும்போது ஒரு காலுக்குச் சுடும், இன்னொரு காலுக்குச் சுடாது. அப்போதுதான் சிலர் ஏதோ கோளாறு என்று உணர்கிறார்கள்.

இவ்வளவும் நம் வீடுகளில் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது? "பித்தம் தலைக்கேறிடுச்சு", "காத்து பிடிச்சிருச்சு", மலாய்க்கார அண்டைவீட்டார் சொன்னால் "மாசோக் ஆங்கின்". தைலம் தேய்த்து, சூடாக மைலோ கலக்கிக் கொடுத்து, படுக்கவைப்பார்கள். மைலோ கொடுப்பதுதான் இதில் மிக ஆபத்து. விழுங்கும் நரம்பு வேலை செய்யாதபோது குடித்தது நுரையீரலுக்குள் போகும். தலைசுற்றலோடு நிற்க முடியாமை, இரட்டைப் பார்வை, குழறல், விழுங்க முடியாமை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைக்க வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாகப் பக்கவாதம் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகும் தூரத்தையும் அந்த நான்கரை மணியிலிருந்துதான் கழிக்க வேண்டும். அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம்.

இன்னொரு செய்தியும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்: அண்மையில் நெட்டி எடுத்தார், மோட்டார் சைக்கிளில் விழுந்தார், கழுத்து வலியோடு இருந்தார் என்பது. மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சாதாரண சி.டி. ஸ்கேனில் மூளைத்தண்டின் ஓரம் சரியாகத் தெரியாது. சிரைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ.தான் கிழிசலைக் காட்டும். கழுத்துச் செய்தி தெரிந்தால்தான் அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே மருத்துவருக்கு வரும். சலூனில் நடந்ததைச் சொன்னால் கடைக்காரருக்குப் பிரச்சினை வருமோ என்று தயங்கி மறைப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் சிகிச்சை பெரிய அறுவையல்ல. இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரையோ, அதைவிட வலுவான இரத்தம் இளக்கும் மருந்தோ சில மாதம் கொடுப்பார்கள். எது சிறந்தது என்று அறிய பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது; 2015இல் முடிவு வந்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரு பிரிவிலும் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் வெகு சிலரே. கிழிந்த சுவர் பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்தில் தானாகவே ஆறிவிடும். அதுவரை கனமான மூட்டை தூக்குவது, அண்ணாந்து வேலை செய்வது, தலையை உலுக்கும் ஆட்டம் எல்லாம் நிறுத்தம். குலை வெட்டுபவர் என்றால் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, அந்தக் காலத்துக்கு உதிரிப் பழம் பொறுக்குவது போன்ற வேலைக்கு மாற்றித் தரும்படி மேலாளரைக் கேட்கலாம். முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போகலாம், தடையில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் "தம்பி, நெட்டி மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.